உங்களுக்குத் தெரியுமா? அரையாண்டு லீவும் ஆகாயப் பயணமும்

அரையாண்டுப் பரீட்சை முடிந்த கையோடு பெட்டி கட்டும் காலம் இது. அமெரிக்காவில் இருக்கும் அண்ணன் குடும்பம் மார்கழிக் கச்சேரி கேட்க இங்கே வரும். இங்கே இருக்கும் தாத்தாவும் பாட்டியும் பேரனைப் பார்க்க துபாய்க்கோ சிங்கப்பூருக்கோ கிளம்புவார்கள். கிறிஸ்துமஸை ஒட்டிய இந்த இரண்டு வாரமும் உலகெங்கும் விமானங்கள் நிரம்பி வழியும். ஒன்றை மட்டும் மனத்தில் வையுங்கள்: விமானக் கம்பெனியின் கம்ப்யூட்டருக்குப் பயணிகளைத்தான் தெரியும், குடும்பத்தைத் தெரியாது. குடும்பம் என்று அதற்குப் புரியவைக்கும் வேலை நம்முடையது.

★

நாலு பேருக்குச் சேர்த்து டிக்கெட் தேடினால் தலைக்கு ஆகும் விலை கூடலாம், தெரியுமா?

ஒரே விமானம், ஒரே வகுப்பு என்றாலும் இருக்கைகள் பல விலைப் படிகளில் விற்கப்படுகின்றன. மலிவான படியில் மூன்று இடம்தான் மிச்சம் என்று வையுங்கள். நீங்கள் நாலு பேருக்குக் கேட்டால், பெரும்பாலான முன்பதிவு முறைகள் நாலு பேரையுமே அடுத்த படிக்கு ஏற்றிவிடும். மூன்று பேருக்கு மட்டும் ஒருமுறை தேடிப் பாருங்கள். தலைக்கான கட்டணம் இறங்கினால் விஷயம் இதுதான். உடனே மூன்றும் ஒன்றுமாகப் பிரித்து எடுக்கப் போகிறீர்களா? அடுத்த துணுக்கைப் படித்துவிட்டு எடுங்கள்.

★

12 வயது வரையுள்ள பிள்ளைக்கு அப்பா, அம்மா அல்லது உடன் வரும் பாதுகாவலர் ஒருவர் பக்கத்திலாவது இடம் தர வேண்டும் என்று நம் நாட்டு விமானப் போக்குவரத்து இயக்குநரகம் 2024 ஏப்ரலில் விமானக் கம்பெனிகளுக்கு உத்தரவிட்டது. அதில் ஒரு நிபந்தனை உண்டு: எல்லோரும் ஒரே பி.என்.ஆரில் இருக்க வேண்டும். டிக்கெட்டைப் பிரித்து எடுத்தால் அந்தப் பாதுகாப்பு போய்விடும். விமானம் ரத்தாகி மாற்று விமானம் தரும்போதும் அப்படித்தான். அம்மாவும் பிள்ளைகளும் காலை விமானத்தில், அப்பா மறுநாள் விமானத்தில் என்று கம்ப்யூட்டர் கூசாமல் போட்டுவிடும். சில நூறு ரூபாய் மிச்சத்துக்காக டிசம்பர் மாதத்தில் இந்த வம்பு வேண்டாம் என்பது என் கட்சி.

★

ஒரே குடும்பத்தில் ஆளுக்கொரு குடும்பப் பெயர் இருப்பது நமக்குச் சாதாரணம். அப்பாவின் பாஸ்போர்ட்டில் தாத்தா பெயர் பின்னால் நிற்கும். பிள்ளைகளுக்கு அப்பா பெயர். அம்மாவுக்குச் சில வீடுகளில் கணவர் பெயர், சில வீடுகளில் இன்னும் தன் அப்பா பெயர். லண்டன் குடியேற்ற அதிகாரி கண்ணுக்கு இது நாலு தனி ஆட்கள் வரிசையில் நிற்பது மாதிரிதான். பிள்ளையின் குடும்பப் பெயரும் உடன் வரும் பெரியவரின் குடும்பப் பெயரும் வேறாக இருந்தால் உறவுக்கு ஆதாரம் கேட்கலாம் என்று பிரிட்டிஷ் அரசே சொல்லியிருக்கிறது. அம்மா மட்டும் பிள்ளைகளோடு போகிறார் என்றால் பிறப்புச் சான்றிதழ் நகலும், அப்பா கையெழுத்திட்ட சம்மதக் கடிதமும் கைப்பையில் இருக்கட்டும்.

பாஸ்போர்ட்டில் ஒற்றைப் பெயர் மட்டுமே உள்ள பயணிகளை விசிட் விசாவில் அனுமதிப்பதில்லை என்று ஐக்கிய அரபு அமீரகம் 2022 நவம்பரில் அறிவித்தது. பாஸ்போர்ட்டின் கடைசிப் பக்கத்தில் அப்பா பெயரோ குடும்பப் பெயரோ இருந்தால் போதும் என்று பிறகு தளர்த்தினார்கள். துபாய் கிளம்பும் பாட்டிக்கு டிக்கெட் போடும் முன் அந்தப் பக்கத்தைப் புரட்டிப் பாருங்கள்.

★

இரண்டு வயது நிரம்பாத குழந்தை மடியிலேயே பயணம் செய்யலாம், வெளிநாட்டு விமானங்களில் பெரும்பாலும் பத்து சதவீதக் கட்டணம் என்பது தெரிந்ததுதான். போகும்போது ஒன்றே முக்கால், வரும்போது இரண்டு முடிந்துவிட்டது என்றால்? திரும்பும் பயணத்துக்குத் தனி இருக்கை வாங்கித்தான் ஆக வேண்டும். டிசம்பர் 30-ல் பிறந்தநாள் வரும் குழந்தைகளின் பெற்றோர் கவனிக்க.

மடிக்குழந்தை ஏற்பாடு பாதுகாப்பானதா என்ற சண்டை அமெரிக்காவில் பல ஆண்டுகளாக நடக்கிறது. 1989 ஜூலையில் அயோவா மாநிலத்தின் சூ சிட்டியில் யுனைடெட் 232 விமானம் நொறுங்கி இறங்கியபோது அதில் நாலு மடிக்குழந்தைகள் இருந்தன. அன்றைய வழிமுறைப்படி, குழந்தைகளைத் தரையில் கிடத்திப் பிடித்துக்கொள்ளும்படி பணிப்பெண்கள் சொன்னார்கள். ஒரு குழந்தை பிழைக்கவில்லை. தனி இருக்கையைக் கட்டாயமாக்க வேண்டும் என்று அந்நாட்டு விபத்து விசாரணை வாரியம் அதன்பின் வற்புறுத்திக்கொண்டே இருக்கிறது. விமானத் துறை நிர்வாகம் 2005-ல் மறுத்துவிட்டது. காரணம் விசித்திரமானது, ஆனால் யோசித்தால் நியாயமும் உண்டு: இன்னொரு டிக்கெட் செலவு என்றதும் பல குடும்பங்கள் காரில் கிளம்பிவிடும், சாலையில் சாவு அதைவிட அதிகமாகும் என்றார்கள்.

★

பறக்கும்போது நீங்கள் ஊட்டியில் உட்கார்ந்திருக்கிறீர்கள், தெரியுமா?

விமானம் 35,000 அடியில் பறந்தாலும் உள்ளே காற்றழுத்தம் தரைமட்டத்தில் இருப்பது போல வைக்கப்படுவதில்லை. 6,000 முதல் 8,000 அடி உயர மலையில் எவ்வளவு அழுத்தம் இருக்குமோ அவ்வளவுதான். ஊட்டி சுமார் 7,350 அடி. போயிங் 787, ஏர்பஸ் 350 போன்ற புதிய விமானங்களில் அழுத்தம் கொஞ்சம் கூடுதல்; அவற்றில் ஏறினால் குன்னூரோடு நின்றுவிடலாம். சிப்ஸ் பாக்கெட் புடைத்துக்கொள்வது இந்தக் குறைந்த அழுத்தத்தால்தான்.

இந்த ஆகாய மலை ஏறும்போதைவிட இறங்கும்போதுதான் குழந்தைகள் வீறிட்டு அழும். வெளியே அழுத்தம் கூடக்கூட, நடுக்காதையும் தொண்டையையும் இணைக்கும் குழாய் திறந்து உள்ளேயும் காற்றை விட வேண்டும். கைக்குழந்தைக்கு அந்தக் குழாய் குறுகலாகவும் கிட்டத்தட்டப் படுக்கைவசமாகவும் இருப்பதால் லேசில் திறக்காது. விழுங்கும்போது திறக்கும். ஆகவே தாய்ப்பாலையோ புட்டிப்பாலையோ ஏறும்போதே கொடுத்துத் தீர்த்துவிடாமல், தரையிறங்குவதற்கு அரை மணி முன்பு கொடுங்கள். தூங்குகிற பிள்ளை விழுங்குவது குறைவு. பாவமாகத்தான் இருக்கும், ஆனாலும் எழுப்பிவிடுங்கள். சளி பிடித்திருந்தால் கிளம்பும் முன்பே டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்வது நல்லது.

★

விமானச் சாப்பாடு சப்பென்று இருப்பதற்குச் சமையல்காரர் மட்டும் காரணமல்ல. லுஃப்தான்சா கம்பெனிக்காக ஜெர்மனியின் ஃபிரான்ஹோஃபர் நிறுவனம் 2010-ல் ஆராய்ந்தபோது, விமானத்தின் காற்றழுத்தத்தில் உப்பும் இனிப்பும் நாக்கில் கணிசமாக மங்கிவிடுவது தெரிந்தது. ஈரப்பதம் 20 சதவீதத்துக்கும் கீழே என்பதால் மூக்கும் வறண்டு வாசனை எடுபடாது. தக்காளியின் சுவை மட்டும் அவ்வளவாக மங்குவதில்லை. தரையில் சீண்டாத தக்காளி ஜூஸை ஆகாயத்தில் பலர் கேட்டு வாங்குவதன் ரகசியம் அதுதான். புளியோதரை கட்டிக்கொண்டு போகிறவர்கள் இதையெல்லாம் படிக்கத் தேவையில்லை.

★

தேங்காய் விஷயம் கொஞ்சம் நீளம்.

கொப்பரையைப் பெட்டியில் வைத்து லக்கேஜில் போடக்கூடாது. உலக அளவில் ஆபத்தான சரக்குகள் பட்டியலில் கொப்பரைக்கு 1363 என்று தனி எண்ணே உண்டு. தானாகச் சூடேறித் தீப்பிடிக்கக்கூடிய பொருள் என்ற வகுப்பில் வைத்திருக்கிறார்கள். எண்ணெய்ப் பசை மிகுந்த கொப்பரை, காற்றோட்டமில்லாத இடத்தில் குவிந்து கிடந்தால் மெல்ல மெல்லச் சூடாகும். மகள் வீட்டுக்கு என்று கொப்பரையை மூட்டையாகக் கட்டும் அம்மாக்களிடம் இதைச் சொன்னால் நம்ப மாட்டார்கள். "எண்ணெய் ஆட்டுகிற தேங்காய்தானே, இது போய் வெடிக்குமா?" என்பார்கள். வெடிக்காது, எரியும். அங்கேயே வாங்கிக்கொள்ளச் சொல்லுங்கள்.

முழுத் தேங்காய்க்கு வேறு தடை. அதைக் கையில் எடுத்துக்கொண்டு ஏற அனுமதியில்லை. ஆனால் கிறிஸ்துமஸ் லீவும் சபரிமலை மண்டல காலமும் ஒரே நேரத்தில் வருகின்றன. கேக் டப்பாவோடு ஒரு குடும்பமும், இருமுடியோடு ஒரு குருசாமியும் ஒரே சோதனை வரிசையில் நிற்பார்கள். 2024 அக்டோபரில் விமானப் பாதுகாப்பு அமைப்பு ஒரு விலக்கு தந்தது: சபரிமலை செல்லும் பக்தர்கள் இருமுடியில் உள்ள தேங்காயைச் சோதனைக்குப் பின் கையோடு கொண்டுபோகலாம், 2025 ஜனவரி 20 வரை. இது காலவரையறை உள்ள சலுகை. ஒவ்வொரு ஆண்டும் கிளம்பும் முன் கேட்டுக்கொள்ள வேண்டும்.

★

இரண்டு பேர் இரு முனையையும் பிடித்து இழுத்தால் "டப்" என்று வெடித்துப் பரிசு கொட்டும் கிறிஸ்துமஸ் கிராக்கர், 1840-களில் லண்டன் மிட்டாய்க்காரர் டாம் ஸ்மித் உருவாக்கியது. உள்ளே இருப்பது துளியூண்டு வெடிமருந்து. அந்தத் துளி போதும்: அமெரிக்க விமானங்களில் கைப்பையிலும் கூடாது, பெட்டியிலும் கூடாது. கம்பி மத்தாப்புக்கு எந்த நாட்டிலும் இடமில்லை.

குலுக்கினால் பனி கொட்டும் கண்ணாடி உருண்டையும் மாட்டிக்கொள்ளும், ஏனென்றால் உள்ளே இருப்பது திரவம். டென்னிஸ் பந்து அளவுக்குள் இருந்தால் அமெரிக்காவில் கையோடு விடுவார்கள். அதைவிடப் பெரிது என்றால் பெட்டியில்தான். பரிசுகளைப் பளபள தாளில் சுற்றி ரிப்பன் கட்டிக் கொண்டுபோகாதீர்கள். சந்தேகம் வந்தால் பிரித்துக் காட்டச் சொல்வார்கள். தாளையும் டேப்பையும் தனியாக எடுத்துப் போய் அங்கே போய்ச் சுற்றலாம்.

★

பவர் பேங்க் ஏன் கைப்பையில் மட்டும்? லித்தியம் பேட்டரி தீப்பிடித்தால் கண்ணெதிரே என்றால் பணியாளர்கள் தண்ணீர் ஊற்றிக் குளிரவைப்பார்கள். விமானத்தின் அடிவயிற்றில் நடந்தால் யாருக்கும் எட்டாது. 100 வாட்-மணி வரை தனி அனுமதி வேண்டாம். கடையில் கிடைக்கும் 20,000 எம்.ஏ.எச். பவர் பேங்க் ஏறக்குறைய 74 வாட்-மணி. எமிரேட்ஸ் கம்பெனி 2025 அக்டோபர் முதல் விமானத்துக்குள் பவர் பேங்க்கைப் பயன்படுத்துவதற்கே தடை போட்டுவிட்டது. கொண்டுபோகலாம், அதில் போனை மாட்டக்கூடாது. பேரனுக்கு வாங்கிய டிரோன் பொம்மையோடு வரும் மாற்று பேட்டரிக்கும் இதே கைப்பை விதிதான்.

★

100 மில்லிக்கு மேல் திரவம் கூடாது என்ற விதி எங்கிருந்து வந்தது? 2006 ஆகஸ்டில், குளிர்பான பாட்டில்களில் திரவ வெடிபொருளை நிரப்பி அட்லாண்டிக் தாண்டும் விமானங்களைத் தகர்க்க லண்டனில் தீட்டிய சதி பிடிபட்டது. அன்று பிடித்த பிடி இன்னும் முழுக்க விடவில்லை. புது வகை ஸ்கேனர் வந்த சில ஐரோப்பிய விமான நிலையங்களில் மட்டும் தளர்ந்திருக்கிறது. குழந்தைப் பாலுக்கும் மருந்துக்கும் எப்போதும் விலக்கு உண்டு. பிளம் கேக் திடப்பொருள், தாராளமாகப் போகும். தக்காளித் தொக்கும் நெய்யும் ஜாமும் அதிகாரிகள் கணக்கில் திரவமே. ஊற்ற முடிந்தாலும் தடவ முடிந்தாலும் திரவம் என்பது அவர்கள் இலக்கணம்.

★

சென்னையில் வெயில் அடிக்கும், உங்கள் விமானம் "டெல்லி மூடுபனி காரணமாக" தாமதம் என்பார்கள். சாக்குப்போக்கு இல்லை. உள்நாட்டு விமானம் ஒன்று நாளுக்கு நாலைந்து நடை போகிறது; காலையில் டெல்லியில் சிக்கினால் மாலை மதுரை நடை வரை இழுக்கும். டிசம்பர் 10 முதல் பிப்ரவரி 10 வரை மூடுபனிக் காலம் என்றே வைத்து, அந்த நேரங்களில் டெல்லிக்கு அதற்கெனப் பயிற்சி பெற்ற விமானிகளை அனுப்பச் சொல்கிறார்கள். பயிற்சி பெற்றவரும் தகுந்த கருவியும் இருந்தால் ஓடுதளத்தில் 50 மீட்டர் தெரிந்தாலே இறங்கிவிடலாம். வேடிக்கை என்னவென்றால், கிளம்புவதற்கு அதைவிட அதிகம், 125 மீட்டர் தெரிய வேண்டும். இறக்குவது கருவி, ஓடி மேலே எழுப்புவது மனிதக் கண்.

நம் ஊர் டிசம்பருக்கும் தனிக் குணம் உண்டு. 2015 டிசம்பரில் அடையாற்று வெள்ளம் புகுந்து சென்னை விமான நிலையம் நாள்கணக்கில் மூடிக் கிடந்தது. அரக்கோணம் கடற்படைத் தளத்திலிருந்து பயணிகள் விமானங்கள் பறந்தன. 2023 டிசம்பர் 4-ல் மிக்ஜாம் புயல் மறுபடி மூடவைத்தது. முக்கியமான கல்யாணத்துக்கு வருகிறவர்கள் ஒரு நாள் முன்னதாகவே இறங்கிவிடுவது உத்தமம்.

★

விமானிகள் எங்கே இருக்கிறார்கள் என்றே தெரியாமல் ஒரு விமானக் கம்பெனி திண்டாடியது தெரியுமா? 2022 கிறிஸ்துமஸ் வாரத்தில் அமெரிக்காவைப் பனிப்புயல் தாக்கியது. எல்லாக் கம்பெனிகளும் தடுமாறி எழுந்தன. சவுத்வெஸ்ட் மட்டும் எழவில்லை. விமானிகளுக்கும் பணியாளர்களுக்கும் வேலை ஒதுக்கும் மென்பொருளுக்கு, அத்தனை மாற்றங்களை ஒரே நேரத்தில் கணக்கிட முடியவில்லை. ஊழியர்கள் போனில் மணிக்கணக்காகக் காத்திருந்து "நான் இந்த ஊரில் இருக்கிறேன்" என்று சொல்ல வேண்டியதாயிற்று. விமானம் இருந்தது, விமானியும் இருந்தார், இருவரும் ஒரே ஊரில் இல்லை. சுமார் 16,700 விமானங்கள் ரத்து. 20 லட்சம் பேர் தவித்தார்கள். மறு ஆண்டு அரசு விதித்த அபராதம் 14 கோடி டாலர். பயணிகளின் பெட்டிகள் நிலையங்களில் மலையாகக் குவிந்தன. மாத்திரைகளையும் பிள்ளைகளுக்கு ஒரு மாற்று உடையையும் கைப்பையில் வைக்கச் சொல்வது இதற்குத்தான்.

★

டிசம்பர் 25 அன்று பறப்பது பல தடங்களில் 23-ஐவிட மலிவு. ஆனால் எங்கே இறங்குகிறோம் என்று பார்க்க வேண்டும். டப்ளின் விமான நிலையம் ஆண்டில் அந்த ஒரு நாள் கதவையே சாத்திவிடும். லண்டன் ஹீத்ரோ திறந்திருக்கும். வெளியே வந்தால் பாதாள ரயில் கிடையாது, சாதாரண ரயிலும் கிடையாது. கைக்குழந்தையும் நாலு பெட்டியுமாக நிற்கக்கூடாது என்றால் காருக்கு முன்பே சொல்லி வையுங்கள்.

★

கிறிஸ்துமஸே இல்லாமல் ஒரு வருஷத்தைக் கடக்கலாம். டிசம்பர் 24 இரவு லாஸ் ஏஞ்சல்ஸில் ஏறி சிட்னியில் இறங்கினால் 26-ஆம் தேதி காலை. நடுவில் தேதிக்கோடு 25-ஐ விழுங்கிவிடும். டோக்கியோவில் 25 இரவு ஏறி ஹவாய்க்குப் போகிறவர்களுக்கு நேர்மாறு: 25 காலையில் இறங்குவார்கள், மறுபடி கேக் வெட்டலாம்.

★

பின்லாந்தின் ரோவனியமி நகர நிலையம் தன்னைக் கிறிஸ்துமஸ் தாத்தாவின் அதிகாரப்பூர்வ விமான நிலையம் என்று சொல்லிக்கொள்கிறது. ஆர்க்டிக் வட்டம் பக்கத்திலேயே ஓடுகிறது. டிசம்பர் நடுவில் அங்கே பகல் இரண்டே சொச்சம் மணி நேரம். அதற்குள் தாத்தாவைப் பார்த்துவிட்டுத் திரும்ப பிரிட்டனிலிருந்து குடும்பம் குடும்பமாக ஒரு நாள் பயணம் போய் வருகிறார்கள். 1984 கிறிஸ்துமஸுக்கு கான்கார்டு விமானமே அங்கே இறங்கியது.

★

குளிர் நாடுகளில் கிளம்பும் முன் விமானத்தைக் குளிப்பாட்டுவார்கள். ஆரஞ்சு நிறச் சுடு திரவம் இறக்கையில் படிந்த பனியைக் கரைக்க. பச்சை நிறக் கெட்டித் திரவம் புதிதாகப் படியாமல் தடுக்க. பச்சைப் பூச்சுக்குக் கெடு உண்டு. அதற்குள் கிளம்பாவிட்டால் திரும்பி வந்து மறுபடி குளியல். ஜன்னலோரப் பிள்ளைக்கு இதைவிட நல்ல வேடிக்கை கிடையாது.

★

கிறிஸ்துமஸுக்கு வீடு போன ஒரு தாயும் மகளும். 1971 டிசம்பர் 24, பெரு நாட்டின் லிமா நகரம். 17 வயது ஜூலியானே கோப்கேவின் அம்மா மரியா பறவையியல் அறிஞர்; அப்பா விலங்கியலாளர், காட்டுக்குள் இருந்த ஆய்வு நிலையத்தில் காத்திருந்தார். முன்னதாகவே கிளம்ப அம்மாவுக்கு ஆசை. பள்ளி நிறைவு விழாவை விட மனமில்லை மகளுக்கு. ஆகவே 24-ஆம் தேதி லான்சா 508-ல் ஏறினார்கள். இடிமழைக்குள் மின்னல் தாக்கி விமானம் வானிலேயே சிதறியது. இருக்கையோடு சேர்ந்தே சுமார் 3 கிலோமீட்டர் கீழே விழுந்த ஜூலியானே, அமேசான் காட்டுக்குள் காறை எலும்பு முறிந்து கண் விழித்தார். கையில் கிடைத்தது ஒரு பை மிட்டாய். ஓடையைப் பிடித்துக்கொண்டு போனால் மனிதர் இருக்கும் இடம் வரும் என்று அப்பா சொல்லித் தந்திருந்தார். 11 நாள் கழித்து மரம் வெட்டுபவர்கள் அவரைக் கண்டார்கள். விமானத்தில் இருந்த 92 பேரில் அவர் மட்டுமே பிழைத்தார். பின்னாளில் வௌவால் ஆராய்ச்சியாளரானார், பெற்றோரின் அதே ஆய்வு நிலையத்தை நடத்தினார். அந்த விமானத்தில் போக இருந்து ஏறாமல் போன இயக்குநர் வெர்னர் ஹெர்சாக், அவரையே அழைத்துப்போய் ஆவணப்படம் எடுத்தார்.

★

பாரிஸிலிருந்து சென்னைக்கு வரும் விமானம் கம்பெனியின் குற்றத்தால் நாலு மணி நேரத்துக்கு மேல் தாமதமானால், ஐரோப்பியச் சட்டப்படி தலைக்கு 600 யூரோ இழப்பீடு கேட்கலாம். நாலு பேர் என்றால் 2,400. விமானம் எந்த நாட்டுக் கம்பெனியுடையது என்பது பொருட்டல்ல, ஐரோப்பிய ஒன்றியத்தில் கிளம்பினால் போதும். புயல், பனி என்றால் கிடையாது. நம் நாட்டில் முன்னறிவிப்பின்றி ரத்து செய்தால் அதிகபட்சம் 10,000 ரூபாய். கேட்டால்தான் தருவார்கள், கேட்பவர்கள் குறைவு.

பெட்டி வரவில்லை என்றால் நிலையத்தை விட்டு வெளியேறும் முன் புகார் எழுதி வாங்குங்கள். சேதம் என்றால் 7 நாளுக்குள் எழுத்தில் தர வேண்டும். 21 நாள் ஆகியும் வராவிட்டால் மான்ட்ரியல் ஒப்பந்தப்படி அது தொலைந்ததாகவே கணக்கு.

★

லீவு முடிந்து அமெரிக்கா திரும்புகிறவர்களுக்கு: 2018 ஜூன் 30 முதல் அந்நாட்டுக்குள் வரும் விமானங்களில் 350 மில்லி அளவுக்கு மேல் எந்தப் பொடியைக் கைப்பையில் வைத்திருந்தாலும் தனிச் சோதனை, தெளிவாகாவிட்டால் குப்பைத் தொட்டி. இந்தச் சோதனை சென்னையில் நடக்காது, அமெரிக்காவுக்குக் கடைசியாக விமானம் ஏறும் தோஹாவிலோ ஃபிராங்ஃபர்ட்டிலோ நடக்கும். அங்கே நின்று பருப்புப் பொடிக்கும் இட்லி மிளகாய்ப் பொடிக்கும் விளக்கம் சொல்வதைவிட, இரண்டையும் டேப் ஒட்டிப் பெரிய பெட்டியில் போட்டுவிடுங்கள்.